ஒட்டி வரும் திங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலின் கரையோரம் இருக்கிறது வற்றாப்பளை. ஆண்டில் ஒரு நாள் வன்னி முழுவதும் அங்கே திரளும். அது கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல். பொங்கல் எந்த நாள் என்று கேட்டால் ஊரார் சொல்லும் விதி ஒரே வரிதான்: வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமை. அந்தத் திங்களிலிருந்து ஏழு நாள் பின்னோக்கி எண்ணினால் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுக்கும் திங்கள் வரும். அன்று எடுத்த உப்புநீரில்தான் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும் என்பது ஊரார் நம்பிக்கை. இன்னும் ஏழு நாள் பின்னோக்கிப் போனால் பாக்குத்தெண்டல் என்னும் சடங்கு. ஒரு நாள் பிசகினால் மூன்றும் பிசகும். கணினி நிரல் எழுதப் பழகும் ஒருவருக்கு இதிலும் நல்ல பயிற்சிக் கணக்கு கிடைப்பது அரிது. பஞ்சாங்கத்திலிருந்து விசாக நாளைக் கொடுத்தால் பாக்குத்தெண்டல், தீர்த்தம், பொங்கல் ஆகிய மூன்றின் திகதிகளையும் தரும் நிரலை எழுதுக என்று கேட்கலாம். பத்து, பதினைந்து வரிக்குள் முடியும் வேலை. ஆனால் அந்தப் பத்து வரியும் சரியா என்று யார், எதைக் கொண்டு, எப்போது சொல்வது? விடை எழுதுவது ஒரு திறன், விடையைச் சோதிப்பது வேறொரு திறன். தமிழர் கணக்கு வரலாற்றில் இவை கூடி வாழ்ந்த காலமும் உண்டு, பிரிந்து போன காலமும் உண்டு. பொதுப் பரீட்சை வந்தபின் சோதிக்கும் வேலை படிப்பவர் கையை விட்டே போய்விட்டது. தொடக்கநிலை நிரற்பயிற்சியின் உண்மையான பெறுமதி, அந்த வேலையை அவர் கைக்குத் திருப்பித் தருவதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தப் பயிற்சிக் கணக்கையே செய்து பார்க்கலாம். 2024இல் வைகாசி விசாகம் மே 22, புதன்கிழமை. பொங்கல் நடந்தது மே 20, திங்கள். ஒருவர் இந்த ஓர் ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு, விசாகத்துக்கு முந்திய திங்களைக் கண்டுபிடிக்கும்படி நிரல் எழுதுகிறார். விடை மே 20. தீர்த்தம் மே 13, பாக்குத்தெண்டல் மே 6. எல்லாம் சரி. இன்னொருவர் விசாகம் என்றால் வெசாக்தானே என்று எண்ணி, அரசாங்க நாட்காட்டியின் வெசாக் பௌர்ணமியை எடுத்து அதற்குக் கிட்டிய திங்களைத் தேடுகிறார். அந்த ஆண்டு வெசாக் மே 23. அவருக்கும் மே 20 என்றே வருகிறது. மூன்றாமவர் திகதி எண்ணிலிருந்து ஏழை வெறுமனே கழிக்கிறார். மாதம் மாறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. 20, 13, 6 என்று அவருக்கும் பிழையில்லாமல் வருகிறது. மூன்று நிரல்களும் பிழை. 2024 என்ற ஆண்டு மூன்றையும் மூடி மறைக்கிறது. 2023க்குப் போனால் குட்டு வெளிப்படும். அவ்வாண்டு விசாகம் ஜூன் 2, வெள்ளிக்கிழமை. பொங்கல் ஜூன் 5. அதாவது ஒட்டி வந்த திங்கள் இம்முறை விசாகத்துக்குப் பிந்தியது. முந்திய திங்களைத் தேடும் நிரல் மே 29ஐச் சொல்லும். அந்த ஆண்டின் வெசாக் மே 5இல், சித்திரை முடியுமுன்னே வந்துவிட்டது. அதை நம்பிய நிரல் ஏறத்தாழ ஒரு மாதம் தவறும். ஏழைக் கழித்தவருக்குத் தீர்த்தத் திகதி ஜூன் மாதம் கழித்தல் 2 என்று வரும். வரவேண்டியது மே 29. 2025இல் விசாகமும் திங்களும் ஒரே நாளில், ஜூன் 9இல் கூடின. பிந்திய திங்களைத் தேடு என்று எழுதியவர் அன்றைய நாளையே விட்டுவிட்டு ஜூன் 16க்குத் தாவுவார். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் முன், பின், அதே நாள் என்று மூன்று நிலைகளும் வந்துவிட்டன. கிட்டிய திங்கள் என்ற விதி மூன்றுக்கும் பொருந்துகிறது. கிழமை ஏழு, ஒற்றைப்படை; ஆகவே இரண்டு திங்கள்கள் சம தூரத்தில் நின்று நம்மைத் திண்டாட வைப்பதும் இல்லை.

இங்கே பிழை எதில் இருந்தது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏழைக் கழித்தவரின் பிழை விடையில் இருக்கிறது. முந்திய திங்களா, பிந்திய திங்களா என்று தடுமாறியவரின் பிழையோ வினாவிலேயே தொடங்குகிறது. ஒட்டி என்ற சொல் இரண்டு பக்கமும் பார்க்கிறது. இலங்கைத் தமிழ்க் கணினிப் பாடநூல்கள் நிரலின் பிழையை வழு என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல் இலக்கணத்திலிருந்து வந்தது. நன்னூல் மரபு வழுவை ஏழாகப் பகுக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. வினா வழு வேறு, விடை வழு வேறு என்று அது தனித்தனியே நிறுத்தியிருப்பது கவனிக்கத்தக்கது. கேள்வி கோணலாக இருந்தால் விடை எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை. மொழியைப் பற்றிய இந்த நுண்மை நம்மிடம் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. கணக்கைப் பற்றியும் இருந்ததா என்பது அடுத்த கேள்வி.

திண்ணைப் பள்ளியின் கணக்குப் படிப்புக்கு அடிப்படை எண்சுவடி. ஒன்றின் 320இல் ஒரு பங்கான முந்திரியிலிருந்து தொடங்கி, காணி, மா, மாகாணி என்று பின்னங்களும், பெருக்கல் வாய்ப்பாடும், நிலத்தின் பரப்புக் காண உதவும் குழிமாற்றும் பிள்ளையின் நாவில் ஏறவேண்டும். பிள்ளை ஒப்பிக்கும், ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ கேட்டுக்கொண்டிருப்பார், சுவடியிலிருந்து விலகினால் பிழை. சோதனை உண்டு, ஆனால் சோதிக்கப்பட்டது நினைவு. விதி உண்மையா என்பது அங்கே கேள்வியாக எழவில்லை. கணக்கதிகாரம் என்ற செய்யுள் நூலில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பலாப்பழத்தை வெட்டாமலே சுளையின் எண்ணிக்கையை அறிய அது ஒரு வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. உள்ளீடு, இரண்டு படி, விடை என்று நிரலுக்கு உரிய வடிவம் முழுதாக அமைந்த விதி. அதைச் சோதிப்பதும் எளிது. கத்தி ஒன்று போதும். ஆனால் அந்தச் செய்யுள் முடியும் இடத்தில், சுளையை வேறாக எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியே முடிக்கிறது. விதி தந்தவர் சோதனையைத் தேவையற்றதாக்கிவிட்டார்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். களத்தில் நெல் அளந்தவரும் காணி அளந்தவரும் ஒவ்வொரு நாளும் சோதனைக்கு ஆளானவர்கள்தாமே. கணக்குப் பிசகினால் எதிரே நிற்பவர் விட்டுவைப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அளவையும் விலையும் வரம்பும் இருக்கும் இடத்தில் பிழை நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது தொழிலில். பள்ளியில் விதி, களத்தில் சோதனை என்று இரண்டும் வெவ்வேறு இடத்தில் வாழ்ந்தன. கணக்குப் பழகும் பிள்ளை விதியைப் பெற்றுக்கொண்டது. அதை ஐயுறும் உரிமை, வளர்ந்து கணக்கராகிக் கையைச் சுட்டுக்கொண்ட பின்னரே கிடைத்தது.

இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1825ஆம் ஆண்டின் ஒரு சான்று இருக்கிறது. காலசங்கலிதம் என்ற நூலை அவ்வாண்டு சென்னையில் வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்த முறையைப் பதிவு செய்திருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாக மாற்றி மனப்பாடம் செய்த அட்டவணைகளைக் கொண்டு அவர் கணித்தார். எழுத்துக்கு எண்மதிப்பு வைத்து வாக்கியங்களாக அமைத்த அட்டவணைகள் அவை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. அவர் கணித்தது 1825 மே 31இலிருந்து ஜூன் 1க்குள் நிகழ்ந்த கிரகணம். வானத்தில் நடந்ததோடு ஒப்பிட்டபோது தொடக்க நேரம் 4 நிமிடமும், நடு நேரம் 23 நிமிடமும், முடிவு நேரம் 52 நிமிடமும் வேறுபட்டன. காகிதமும் கோலும் இன்றி, சோழியாலும் நினைவாலும் மட்டும் ஒருவர் கிரகணத்தின் தொடக்கத்தை நாலு நிமிடத்துக்குள் பிடித்தது வியப்புக்குரியது. ஆனால் வாரன் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு: விதிகளுக்குப் பின்னால் இருந்த வானியற் கொள்கையை அந்தக் கணிதர் அறிந்திருக்கவில்லை. இன்றைய மொழியில் சொன்னால் அவர் நிரலை எழுதியவர் அல்லர், நிரலை இயக்கிய பொறி. 52 நிமிட வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேட அவருக்கு வழியில்லை. விதியைக் கேள்வி கேட்க விதியின் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

இதை வைத்து நம் மரபுக்குச் சோதிக்கவே தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த முடிவை நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கமே மறுக்கும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு உண்டு. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தைக்கூட அவை வேறாகச் சொல்வதை எல்லோரும் அறிவர். வாக்கியம் என்பது கிடைத்த விதியின்படி கணித்தது. திருக்கணிதம் என்ற பெயரின் முதற்பகுதி கண்ணால் காண்பதைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. காட்சியோடு ஒத்துப்போகும் கணக்கு என்பது பொருள். கேரளத்தின் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டு கிரகணங்களைப் பார்த்து வந்தவர். பழைய விதி தரும் எண்ணும் வானம் தரும் எண்ணும் பொருந்தாததைக் கண்டு, 1431இல் திருத்திய முறையை எழுதினார். அந்த நூலின் பெயரே திருக்கணிதம். ஐரோப்பியர் வருமுன்னரே விதியைக் காட்சியால் திருத்தும் பழக்கம் இந்த நிலத்தில் வேரோடியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். ஆனால் அந்தப் பழக்கம் ஒருசில பேரறிஞரின் உடைமையாக நின்றது. பரமேசுவரர் சோதித்தார், சோழி பரப்பியவர் ஒப்பித்தார். இடையில் ஒரு பாலம் இருக்கவில்லை.

அந்தப் பாலம் வகுப்பறையில் போடப்பட்ட ஒரு நாள் என்று 1829 மார்ச் 20ஐச் சொல்லலாம். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் தலைவர் டானியல் பூவர், அன்று நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் கொடுத்திருந்த கணிப்பும் மேனாட்டு முறையில் வந்த கணிப்பும் தொடக்க நேரத்திலும் நீடிப்பிலும் மறைப்பின் அளவிலும் வேறுபடுவதைக் கண்டார். இரண்டு விடையும் கிரகணத்துக்கு முன்பே ஊரறிய வைக்கப்பட்டன. அன்றிரவு பலர் கூடிப் பார்க்க, வானம் செமினரியின் கணிப்போடு ஒத்தது. இந்தக் கதையை எழுதி வைத்தவர்கள் வென்ற பக்கத்தார் என்பதை மறக்கக் கூடாது. ஒரு கணிப்பு பிழைத்ததைக் கொண்டு ஒரு சமயத்தையே பிழை என்று காட்ட அவர்கள் விரும்பினார்கள். அது தாவல், நிறுவல் ஆகாது. விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதன் பின்னும் மதிப்போடு வழங்கியது. ஆயினும் அந்த இரவின் அமைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு நல்ல சோதனைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. எதிர்பார்க்கும் விடை முன்பே எழுதப்பட்டது. எது நடந்தால் யார் பிழை என்பது முன்பே தெளிவாக இருந்தது. தீர்ப்புச் சொன்னது ஆசிரியரோ நூலோ அன்று, இரு தரப்பாரும் ஒன்றும் செய்ய முடியாத நிலா. பின்னாளில் அதே செமினரிச் சூழலில் வளர்ந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் வீசகணிதம் எழுதினார். வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த கல்வி அச்சு நூலாகவும் மாறியது. அதே 1855இல் செமினரியும் மூடப்பட்டது.

அதற்குப் பின் வந்தது பரீட்சையின் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன; இங்கே எழுதிய விடைத்தாளை இங்கிலாந்தில் இருந்தவர் திருத்தினார். சுதந்திரத்துக்குப் பின் திருத்துபவர் கொழும்புக்கு வந்தார். சாதாரண தரமும் உயர்தரமும் பிள்ளையின் வாழ்வை வகுக்கும் வாசல்களாயின. இதில் இரண்டு நன்மைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஊரும் சாதியும் குடும்பமும் அறியாத ஒருவர் திருத்துவது, அறிந்த ஒருவர் திருத்துவதிலும் பெரும்பாலும் நேர்மையானது. முல்லைத்தீவின் பிள்ளைக்கும் கொழும்பின் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள் என்பதும் சிறிய விடயமில்லை. ஆனால் விலையும் கொடுத்தோம். சோதனை வானத்திலிருந்தும் களத்திலிருந்தும் கழன்று புள்ளியிடும் திட்டத்துக்குள் போனது. கடந்தகால வினாத்தாளைச் செய்வது, விடைப் புத்தகத்தோடு ஒப்பிடுவது, சரி போடுவது, அடுத்ததுக்குப் போவது என்று பயிற்சி சுருங்கியது. விடை சரியா என்ற கேள்விக்கு அர்த்தமே மாறிவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதோடு ஒத்தால் சரி. எண்சுவடியை ஒப்பித்த பிள்ளையின் நிலைக்குத்தான், வேறு வழியால், திரும்பி வந்து சேர்ந்தோம்.

கணினி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. கேம்பிரிட்ஜில் மோரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய எட்சாக் இயந்திரம் 1949 மே 6இல் முதன்முதலாக ஓடியபோது அச்சிட்டது எண்களின் வர்க்க அட்டவணை. நம் பிள்ளைகள் திண்ணையில் ஒப்பித்த குழிமாற்றுத்தான் அது. சுகமான தொடக்கம். அடுத்து வில்க்ஸ் சற்றுக் கடினமான கணக்குக்கு 126 வரியில் ஒரு நிரல் எழுதினார். அதில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தன. தன் எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதி தான் எழுதிய நிரல்களிலேயே பிழை தேடிக் கழியப் போகிறது என்று அந்நாட்களில் ஒருமுறை அவருக்கு உறைத்ததாம். இயந்திரத்தைக் கட்டியவருக்கே இந்தக் கதி என்றால் புதிதாகப் பழகுபவர் பிழைவிடுவதில் வெட்கமில்லை. இங்கே நடந்த பெரிய மாற்றம் வேறு. கணக்கை எழுதிய அதே கை, அதே மணித்தியாலத்தில், அது பிழை என்பதை அறிகிறது. கிரகணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விடைத்தாள் கப்பலேறிப் போய்வர வேண்டாம். ஆனால் கல்வி நிலையங்கள் இந்த வசதியையும் விரைவிலேயே பரீட்சையாக மாற்றின. அமெரிக்காவின் ரென்சலியர் நிறுவனத்தில் ஜாக் ஹொலிங்ஸ்வர்த் 1960இலேயே, துளையட்டையில் வரும் மாணவர் நிரல்களை இயக்கித் தானாகவே புள்ளியிடும் முறையைப் பற்றி எழுதினார். இன்று இணையத்தில் பயிற்சிக் கணக்குகளை வைத்துப் பச்சையும் சிவப்புமாகத் தீர்ப்புச் சொல்லும் தளங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

வன்னிக்கு இந்த வரலாறு காலந்தாழ்த்தித்தான் வந்தது. உலகம் வீட்டுக்கு வீடு கணினி வாங்கிய தொண்ணூறுகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே, மின்கலம்கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நிலத்தில் வாழ்ந்தன. 2009 மே மாதம் போர் முடிந்த மண் நந்திக்கடலின் மறுகரையில் இருக்கிறது. வற்றாப்பளையிலிருந்து பார்த்தால் நீருக்கு அப்பால் தெரியும் தூரம். மக்கள் மீண்டு வந்த பின்னரே பள்ளிக் கணினி அறையும் மின்னும் ஒழுங்காக வந்தன. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. பாடத்திட்டமோ அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது: சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைதன். ஆனால் பரீட்சை மண்டபத்தில் நிரல் காகிதத்தில்தான் எழுதப்படுகிறது. இயக்கிப் பார்க்க முடியாது. எழுதியவர் அது ஓடுமா என்பதை அறியாமலே வீடு போகிறார். நிரல் என்பது இயங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து. அந்த ஓர் இயல்பை அகற்றிவிட்டால் அது இன்னொரு எண்சுவடி.

காகிதம் என்பதாலேயே சோதிக்க முடியாது என்பது சரியா? இதுவே என் வாதத்துக்கு எழக்கூடிய வலுவான மறுப்பு. கணினி இல்லாத இடத்திலும் நிரலை வரி வரியாகக் கையால் ஓட்டி, ஒவ்வொரு வரியிலும் மாறிகளின் பெறுமதியை அட்டவணையாக எழுதிப் பார்க்கலாம். பாடத்திட்டமும் அதைக் கற்பிக்கிறது. உண்மை; சொல்லப்போனால் சோதனை இயந்திரத்தில் இல்லை என்பதற்கு இதுவே சான்று. 2025இன் ஜூன் 9ஐ எடுத்துக் கையால் ஏழு கழித்து, மறுபடி ஏழு கழித்து, கழித்தல் 5இல் போய் முட்டிக்கொள்பவர் மின்சாரமில்லாமலே வழுவைக் கண்டுபிடிக்கிறார். வரவேண்டியது மே 26 என்று நாட்காட்டி சொல்லும். ஆனால் அவர் 2025ஐ எடுக்க வேண்டும். 2024ஐ எடுத்தால் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஒன்றும் அகப்படாது. எந்த உள்ளீட்டைக் கொடுத்தால் என் நிரல் உடையும் என்று தேடுவதில்தான் திறன் இருக்கிறது. அந்தத் தேடலைப் பரீட்சையும் கேட்பதில்லை. தானே திருத்தும் தளமும், சோதனை உள்ளீடுகளைத் தானே வைத்துக்கொண்டு, கேட்பதில்லை. சிவப்பு வந்தால் ஓர் எண்ணைக் கூட்டிப் பார், இல்லையேல் குறைத்துப் பார், பச்சை வந்ததும் விட்டுவிடு என்று பழகுபவர் சோதிக்கவில்லை, தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்.

நெட்டாண்டுக் கணக்கு இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. நாலால் வகுபட்டால் நெட்டாண்டு. நூறால் வகுபட்டால் இல்லை. நானூறால் வகுபட்டால் மறுபடி உண்டு. தொடக்கநிலைப் பயிற்சிகளில் இது இல்லாத புத்தகம் இல்லை; அற்பம் என்று தள்ளத் தோன்றும். 2008 டிசம்பர் 31இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் சூன் என்ற இசைக்கருவிகளில் ஒரு வகை முழுவதும் உறைந்து நின்றது. நெட்டாண்டின் 366ஆம் நாளில் மட்டும் வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வளையம் உள்ளே இருந்தது. மற்ற நாட்களிலெல்லாம் அந்த நிரல் சரியான விடைதான் சொன்னது. சோதனையால் வழு உண்டு என்று காட்டலாம், இல்லை என்று காட்ட முடியாது என்பார் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா. அப்படியானால் சோதித்து என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. பலாப்பழத்தை வெட்டி எண்ணுபவருக்கும் இதே மறுப்பைச் சொல்லலாம்: நூறு பழம் வெட்டினாலும் நூற்றோராவது பழம் மாறலாம். ஆனால் வெட்டியவருக்கு விதியின் எல்லை கொஞ்சமாவது தெரியும். வெட்டாதவருக்குத் தெரிவது செய்யுள் மட்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு. கோயில் நாளை நிரலுக்குள் இழுப்பது எதற்கு? அந்த நாளைத் தீர்மானிப்பது கோயிலும் ஊரும் பஞ்சாங்கமும். கிட்டிய திங்கள் என்ற விதி மூன்று ஆண்டுக்குப் பொருந்தியதால் அதுவே மரபின் முழு விதி ஆகிவிடுமா? ஆகாது. நிரல் மரபுக்குக் கட்டளையிடவும் முடியாது. நிரல் ஏதோ ஓர் ஆண்டில் ஊரோடு முரண்பட்டால் பிழைத்தது நிரல்தான். திருத்த வேண்டியதும் அதுதான். ஆனால் இந்த ஒப்புதலே பயிற்சியின் பயன். தன் விடைக்கு மேலே ஒரு நடப்பு இருக்கிறது, அது ஆசிரியரின் கையிலும் இல்லை, தன் விருப்பத்திலும் இல்லை என்று பழகுபவர் அறிந்துகொள்கிறார். வட்டுக்கோட்டையில் நிலா இருந்த இடத்தில் இங்கே ஊர் இருக்கிறது. விதி தெரிந்த முதியவரிடம் போய், ஒட்டி என்றால் முந்தியும் வருமா பிந்தியும் வருமா என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அது வினாவின் வழுவைத் திருத்தப் போகிறது. நிரலின் முதல் வரி எழுதப்படுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது.

வற்றாப்பளை என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் காரணம், மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது பளை என்பது. பத்தாம்பளை மருவி வற்றாப்பளை ஆயிற்றாம். சொல்லாராய்ச்சியில் அது நிற்குமா என்பது வேறு. ஆனால் அவள் சினத்தின் காரணம் சிலப்பதிகாரத்தில் ஐயமின்றி இருக்கிறது. மன்னன் பொற்கொல்லன் சொல்லை விடையாக ஏற்றான். சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. பின்னர் அவைக்கு வந்தவள் முதலில் செய்தது எதிர்பார்க்கும் விடைகளை இருபுறமும் சொல்லவைத்தது: தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், தன் சிலம்பின் பரல் முத்து என்றான் மன்னன். அதன் பிறகே சிலம்பு உடைந்தது, தெறித்தது மாணிக்கம். உலகத்தில் யாரும் குறைசொல்ல முடியாத சோதனை அது. அதன் குறை ஒன்றே ஒன்று: தண்டனைக்குப் பின் நடந்தது. ஆண்டுதோறும் அவளுக்குப் பொங்கும் நாளைக் கணிக்க ஒரு பிள்ளை நிரல் எழுதினால், முதலில் 2023, 2024, 2025இன் மூன்று திகதிகளையும் தாளில் எழுதி வைக்கட்டும். நிரல் பிறகு வரட்டும்.